மிராசுதார் விழுந்த கேசட்

திருவாரூர் பஸ் ஸ்டாண்டு எண்பத்தெட்டில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? புத்தகம் எதையும் புரட்ட வேண்டாம். அந்த வருஷத்துக் கல்யாண கேசட் ஒன்றைப் போட்டு மாப்பிள்ளை அழைப்பைப் பாருங்கள். திறந்த கார் ஊர்ந்து வரும். பின்னால் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கரும்புச்சாறு வண்டி, ஒரு சுவரில் ஒரு தலைவர் வாழ்க, அடுத்த சுவரில் அதே தலைவர் ஒழிக, எல்லாம் வரிசையாக வரும். மாப்பிள்ளையின் கூலிங்கிளாசை மட்டும் நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டுபிடித்து, அதையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டவன் என் சிநேகிதன் இராஜாங்கம். சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் டாக்குமெண்டரி எடுக்கிறவர்கள், "பழைய தஞ்சாவூர் ஜில்லா வீடியோ வேணும்" என்று அவனுக்குத்தான் போன் போடுவார்கள். வெள்ளம் வேண்டும் என்பார்கள், தேர் வேண்டும் என்பார்கள், ஆற்றில் தண்ணீர் வேண்டும் என்பார்கள். கடைசியில் சொன்னது கிடைப்பதுதான் ரொம்பக் கஷ்டம். எந்த வீட்டுப் பரணில் எது கிடக்கும் என்று யோசித்து, நேரில் போய், கெஞ்சி, கேசட்டை வாங்கி, இந்தக் காட்சியைப் பயன்படுத்த எனக்குச் சம்மதம் என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுப்பது அவன் வேலை.

நான் யூனுஸ். அவனுடைய கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கடையில் சினிமா கேசட் வாடகைக்கு விட்டவன். கேசட்டும் போயிற்று, சி.டி.யும் போயிற்று, இப்போது செல்போனுக்கு உறை விற்கிறேன். ஆனால் ஓடுகிற வி.சி.ஆர். ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இராஜாங்கம் போகிற இடத்துக்கெல்லாம் என்னைக் கூட்டிப் போவது அந்த வி.சி.ஆருக்காகத்தான், என் மேல் உள்ள பாசத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்தக் கையெழுத்து வாங்குகிற கூத்து இருக்கிறதே! தாராசுரம் கோயில் பழுதுபார்ப்பதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று ஒரு கம்பெனிக்கு வேண்டியிருந்தது. கும்பகோணத்தில் ஒருவர் பிள்ளைக்கு முடியிறக்கிய கேசட்டில் அம்சமாக இருந்தது. ஆனால் தூணுக்கு முன்னால் அவருடைய தம்பி நிற்கிறார், அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு. "அவனை எடுத்துட்டுக் கோயிலை மட்டும் காட்டுறதா இருந்தா கையெழுத்துப் போடுறேன்" என்றார் அண்ணன். இராஜாங்கம் நேரே தம்பி வீட்டுக்குப் போய், "உங்க அண்ணன் உங்களை டி.வி.யில வரக்கூடாதுங்கிறாரு" என்று மட்டும் சொன்னான். தம்பி அன்று சாயங்காலமே பெரியவர்களைக் கூட்டிப்போய் அண்ணனிடம் கையெழுத்து வாங்கிவந்து கொடுத்தார். இவன் அப்படிப்பட்ட ஆள். பார்த்தால் பூனை மாதிரி இருப்பான்.

ஆயிரக்கணக்கான கல்யாணம் எடுத்தவன், ஊரில் பாதிப் பேர் முகம் அவனிடம் இருக்கிறது. அவனைப் பெற்றவள் முகம் மட்டும் அவனிடம் இல்லை.

அவன் சொந்த ஊர் நெட்டிவயல், ஓடம்போக்கி ஆற்றுக்குத் தெற்கே. அப்பன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா காத்தாயி நடவுக்கும் களையெடுக்கவும் போய் இவனைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். அந்த அம்மாவுக்கு வாய் என்றால் வாய், எட்டு ஊருக்குக் கேட்கும். மகன் கேமராவோடு வீட்டுக்குப் போனால், "என்னை மட்டும் படம் புடிச்சே, உன் டப்பாவைத் தூக்கி வாய்க்கால்ல கடாசிருவேன்" என்பார். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்தில் பலர் சொல்வதுண்டு. அதனாலா, கூச்சமா, அந்த மகராசிக்குத்தான் தெரியும். தொண்ணூற்றொன்றில் வயலில் பாம்பு கடித்து இறந்துபோனார். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க சர்க்கார் ஆள் வந்தது அதற்குப் பிறகுதான். அஞ்சலி நோட்டீசில் படம் இருக்க வேண்டிய இடத்தில் குத்துவிளக்கைப் போட்டோம். வீடியோக்காரன் வீட்டில் ஒரு போட்டோ கிடையாதா என்று நோட்டீசைப் பார்த்தவன் எல்லாம் சிரித்தான். இவன் பாட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் வந்தது கோபம்.

ஒரே ஒரு இடத்தில் அந்த அம்மா படத்தில் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அது எண்பத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதம் நடந்த கதை.

நெட்டிவயல் மிராசுதார் ரெத்தினசபாபதி மகள் மங்களாம்பிகைக்குக் கல்யாணம். அந்த வருஷம் ஆட்சி மாறியிருந்தது, அதனால் மிராசுதாரின் வேட்டிக் கரையும் மாறியிருந்தது. முன்வரிசையில் புது எம்.எல்.ஏ.வும் பழைய எம்.எல்.ஏ.வும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே மாதிரி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்ப அவர் யார் யார் பேரிலோ நிலம் எழுதி வைத்திருந்தார். வீட்டு நாய் பேரிலும் ஒரு துண்டு இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள், நாயைக் கேட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. அதில் பதினெட்டு மா, அதாவது ஆறு ஏக்கர் நிலத்தை சர்க்கார் உபரி என்று எடுத்து, நெட்டிவயல் கூலிச் சனங்களுக்குப் பட்டா கொடுத்துவிட்டது. மிராசுதார் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார். தடை விலகியும் நிலத்தில் கால் வைக்க விடவில்லை. பட்டா சனங்கள் கையில், நிலம் பண்ணை கையில். வருஷம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணத்தன்றைக்குப் பண்ணை ஆட்கள், போலீஸ்காரர்கள், தாசில்தார் ஆபீஸ் ஆட்கள் எல்லோருமே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். வாயில் வடையும் பாயசமுமாக இருக்கும்போது எவன் எழுந்து வரப்போகிறான்? அந்த நேரம் பார்த்து இறங்கி நட்டுவிட வேண்டும். இந்த யோசனை காத்தாயி அம்மாவுடையது. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போனது அவருடைய மகன். அந்தத் தேதிக்கு டவுனில் வேறு கேமரா கிடைக்கவில்லை, அதனால் மிராசுதார் பல்லைக் கடித்துக்கொண்டு இவனைக் கூப்பிட்டிருந்தார். கேமராவுக்குப் பந்தலில் இடம், கேமராக்காரனுக்குக் கொல்லையில் இலை. காலையில் புறப்படும்போது காத்தாயி அம்மா மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாப்பாட்டை முடிச்சுக்கிட்டு வாடா. அவசரப்படாத."

முதல் பந்தி நடக்கும்போதே சேதி வந்துவிட்டது. மிராசுதார் இலையிலிருந்து எழுந்தார். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்னால் ஓடியது யார் என்கிறீர்கள்? தோளில் கேமராவோடு இந்தப் புத்திசாலிதான். அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்கிற பயத்தில் ஓடினான், கேமராவைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லை. மிராசுதார் திரும்பிப் பார்த்தார். சந்தோஷமாகிவிட்டது. "எடுடா ராஜாங்கம், ஒருத்தியையும் விடாத. கேஸுக்கு ஆகும்" என்றார். இவனும் பொத்தானை அழுத்தினான். கல்யாணம் முடிந்த அதே கேசட்டின் மிச்ச வாலில் அது பதிந்தது.

மிராசுதார் வாய்க்காலைத் தாண்டினார். வரப்பில் கால் வைத்தார். உழுது சேறாக்கிப் போட்ட வயலில் பட்டு வேட்டியோடு குப்புற விழுந்தார்.

பிறகு காத்தாயி அம்மாவின் குரல்: "ஐயா, நடுறதுக்குத்தான் நாங்க இத்தினி பேரு இருக்கோமே, நீங்க எதுக்கு எறங்குறீங்க?"

அந்த ஒரு கேள்வியைத் திருவாரூர் வட்டாரம் பத்து வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சேற்றோடு எழுந்த மிராசுதார் முதலில் செய்த காரியம், கேமராவிலிருந்து கேசட்டைப் பிடுங்கியதுதான். மாப்பிள்ளை வீட்டாரிடம், "அந்தப் பய கேமராவுல ஏதோ கோளாறு, ஒண்ணுமே பதியல" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பெரிய வீட்டுக் கல்யாணம் எதற்கும் இவனை யாரும் கூப்பிடவில்லை. தாலி கட்டுவதைக் கோட்டைவிட்டவன் என்று பெயர். நிஜத்தைச் சொல்லித் தொலையேன்டா என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். "சொன்னா நம்பவா போறாங்க, வுடு பாய்" என்பான்.

அந்த நிலம் சனங்களுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு நட்ட நாற்றை எவனும் பிடுங்கவில்லை, அறுப்பு வரைக்கும் போயிற்று, பிறகு கோர்ட்டும் சரி என்றது. ஆனால் அன்றைக்குக் கேமராவின் துளை வழியே பார்த்ததில் இவனுக்கு நினைவிருப்பது மிராசுதாரின் முதுகு மட்டும். அம்மாவின் குரல் வந்தபோது கேமரா எந்தப் பக்கம் இருந்தது என்று இவனுக்கே தெரியாது. அந்தம்மா படத்தில் விழுந்தாரா இல்லையா என்பதை அந்த கேசட் ஒன்றுதான் சொல்ல வேண்டும்.

"அவரு அன்னைக்கே எரிச்சிருப்பாருடா" என்றேன் ஒரு நாள்.

"எரிச்சிருக்க மாட்டாரு. பொண்ணு கழுத்துல தாலி ஏறுறது அதுல இருக்கு பாய். எந்த அப்பன் அதை நெருப்புல போடுவான்?"

அது சரியான பேச்சுதான். எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய கோபக்காரனும் அதைச் செய்ய மாட்டான். கேசட் எங்கேயோ இருக்கிறது என்று இவன் நம்பிக்கொண்டே இருந்தான். மிராசுதார் உயிரோடு இருந்தவரை போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் இறந்த பிறகு என்னவென்று போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

இரண்டாயிரத்துப் பதினாலில் சென்னையிலிருந்து ஆனந்தவல்லி என்று ஒரு பெண் வந்தது. டெல்டாவின் நிலப் போராட்டங்களைப் பற்றி அவர்கள் கம்பெனி படம் எடுக்கிறது, அதற்குப் பழைய காட்சி தேடுவது அந்தப் பெண்ணின் பொறுப்பு. "போட்டோ நிறைய இருக்கு சார். ஆனா ஓடுற படம் ஒண்ணுகூட இல்ல. ஜனங்க நெலத்துல எறங்கி நடுறதை யாராவது வீடியோ எடுத்திருக்காங்களா?" என்று கேட்டது.

இராஜாங்கம் தண்ணீர் குடித்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ஆனந்தவல்லிக்குக் கண் அகலமாகிவிட்டது. ஆனால் கெட்டிக்காரப் பெண், சட்டத்தை விடவில்லை. "கூலி குடுத்து எடுக்கச் சொன்னவங்களுக்குத்தான் சார் வீடியோவோட உரிமை. கல்யாணம் அவங்களது, சரி. அந்தக் கடைசித் துண்டை நீங்களாத்தானே எடுத்தீங்க? அப்ப அது உங்களது. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

மேஜைக்கு அடியில் நான் இவன் காலை மிதித்தேன். ஆமாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! எல்லோரிடமும் தந்திரமாகக் கையெழுத்து வாங்குகிறவன், தன் விஷயம் என்றதும் அரிச்சந்திரன் ஆகிவிட்டான்.

"இல்லம்மா. அவருதான் எடுக்கச் சொன்னாரு. 'எடுடா, ஒருத்தியையும் விடாத, கேஸுக்கு ஆகும்'னாரு. கூலியும் அவருதான் குடுத்தாரு."

"அப்ப உரிமை அவரோட வாரிசுக்குத்தான் சார் போகும். அவங்க சம்மதம் இல்லாம நாங்க தொட முடியாது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நிலத்தை வைத்திருந்தார்கள், சரி. இவன் அம்மாவின் முகமும் அவர்கள் சொத்தா? அது எந்த ஊர் நியாயம்? ஆனந்தவல்லியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, அதனால் இராஜாங்கத்தைத் திட்டினேன். அவன் டீ சொன்னான்.

மிராசுதாருக்கு ஒரே வாரிசு மங்களாம்பிகை. தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் வீடு. வீட்டுக்காரர் பாங்கில் இருந்து ஓய்வுபெற்றவர், அப்போது மகனைப் பார்க்க சிங்கப்பூர் போயிருந்தார். நாங்கள் மூன்று பேரும் போனபோது அந்த அம்மா தனியாக இருந்தார். இராஜாங்கம் வாசல்படியிலேயே தயங்கி நின்றான். "உள்ள வாங்க ராஜாங்கம், உக்காருங்க" என்றார். சின்ன வயதில் அவர் இவனை எப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். இவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

ஆனந்தவல்லி விஷயத்தைச் சொன்னது. அந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"கேசட் இருக்கு. அம்மா மஞ்சத்துணியில சுத்திப் பீரோவுல வச்சிருந்தாங்க. அப்பா அதைத் திறக்கவே விடல. என் கல்யாணத்தை நானே பாத்தது கெடயாது. மாமியார் வீட்டுல அதுக்கு எத்தினி வருஷம் பேச்சு வாங்கினேன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அப்பா அன்னைக்குத் தனியாளாப் போயி, வயல்ல நின்ன பொம்பளைங்களை அடிச்சு வெரட்டினாராம். சேறும் சகதியுமா வந்தாரு. வீட்டுல எல்லாரும் பெருமையாச் சொல்லுவாங்க. அப்பல்லாம் எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்ப நெனச்சா உடம்பு கூசுது. அதை ஊருக்கெல்லாம் காட்ட நான் கையெழுத்துப் போடணுமா? மாட்டேன்."

நானும் இராஜாங்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடித்தாராம்! அட கொடுமையே! விழுந்ததை மறைக்க அடித்ததாகக் கதை கட்டியிருக்கிறார்கள், அதைப் பெண் இருபத்தைந்து வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறது. ஊருக்கே தெரிந்த சிரிப்பு அந்த வீட்டுக்குள் மட்டும் நுழையவே இல்லை.

தண்ணீர் எடுத்துவர அந்த அம்மா உள்ளே போனார். "சொல்லுடா, அவரு அடிக்கலன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தேன்.

"அடிக்கலன்னா அப்புறம் என்னதான் நடந்துச்சுன்னு கேப்பாங்க பாய். குப்புற விழுந்தாருன்னு பெத்த பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? அதுக்கும் சேத்துல்ல கையெழுத்துப் போட மாட்டாங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்பன் அடித்தால் ஒரு மானக்கேடு, விழுந்தால் வேறொரு மானக்கேடு. இதில் எது அந்த அம்மாவுக்குத் தாங்கும் என்று யார் கண்டது?

தண்ணீர் வந்தது. இராஜாங்கம் குடிக்கவில்லை. எழுந்து நின்றான். இத்தனை வருஷத்தில் யார் வீட்டிலும் எந்தத் தந்திரமும் பண்ணாமல் அவன் பேசிப் பார்த்தது அன்று மட்டும்தான்.

"அம்மா, டாக்குமெண்டரி கெடக்கட்டும். அன்னைக்கு அந்த வயல்ல எங்கம்மாவும் நின்னுச்சு. அதுக்கு ஒரு போட்டோகூட என்கிட்ட இல்ல. அந்தக் கேசட்டுல இருக்கா இல்லியான்னு தெரியாது. ஒரே ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்துர்றேன். நீங்களும் கூட இருங்க. உங்களுக்குப் பிடிக்கலன்னா இங்கயே விட்டுட்டுப் போயிர்றோம்."

மங்களாம்பிகை அவனையே பார்த்தார். "எங்க அப்பா உங்க அம்மாவை அடிக்கிறதை நீங்க பாக்கணுமா?" என்றார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"பாக்கணும்மா" என்றான் இவன். வேறு என்ன சொல்வான்?

நான் வி.சி.ஆரை அவர்கள் டி.வி.யில் இணைத்தேன். ஆனந்தவல்லி நகல் எடுக்கத் தன் லேப்டாப்பையும் ஒரு வயரால் கோத்துக்கொண்டது. கேசட்டில் பூஞ்சணம் இல்லை, பீரோவில் இருந்த கற்பூர வாசனை மட்டும் இருந்தது. வேகமாக ஓட்டினால் பழைய டேப் அறுந்துவிடும், நேராகத்தான் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதனால் நாலு பேரும் அந்தக் கல்யாணத்தை முழுசாகப் பார்த்தோம்.

முதலில் பயந்து உட்கார்ந்திருந்த மங்களாம்பிகை, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். "பாருங்க பாய், எங்க மாமியார் அன்னைக்கே எப்படி மொறைக்குதுன்னு!" என்றார். "இது யாரு, இவ்ளோ ஒல்லியா?" என்றார், அது அவருடைய வீட்டுக்காரர். இரண்டு எம்.எல்.ஏ.க்களும் ஒருவருக்கொருவர் வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள். ஆனந்தவல்லி, "இதையும் கேக்கலாமா சார்?" என்று மெதுவாக என்னைக் கேட்டது. சும்மா இரும்மா என்றேன். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. இத்தனை வருஷம் கோட்டைவிட்டவன் என்று பெயர் வாங்கிய இராஜாங்கம் அதை மூன்று முடிச்சும் தெரிகிற மாதிரி அவ்வளவு அழகாக எடுத்திருந்தான். மங்களாம்பிகை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தானே எடுத்திருக்கீங்க" என்றார். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பந்தி வந்தது. இலையில் சாம்பார் விழுந்தது. படம் ஒரு குதி குதித்தது.

வெயில். வரப்பு. முன்னால் ஒரு பட்டு வேட்டி ஓடுகிறது. டி.வி. முழுக்க மூச்சிரைப்பு. "எடுடா ராஜாங்கம், ஒருத்தியையும் விடாத!" மங்களாம்பிகை இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் வயல் முழுக்கக் குனிந்த பெண்கள். யார் எவர் என்று தெரியவில்லை. இராஜாங்கம் டி.வி.க்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பட்டு வேட்டி வாய்க்காலைத் தாண்டியது. கை ஓங்குகிற மாதிரி மேலே போனது. மங்களாம்பிகை கண்ணை மூடிக்கொண்டார். தொப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தார். மிராசுதார் ரெத்தினசபாபதி சேற்றில் குப்புறக் கிடந்தார். ஜரிகை மட்டும் பளபளத்தது.

"ஐயா, நடுறதுக்குத்தான் நாங்க இத்தினி பேரு இருக்கோமே, நீங்க எதுக்கு எறங்குறீங்க?"

குரல் வந்தது, ஆள் வரவில்லை. கேமரா அந்த முதுகையே பிடித்துக்கொண்டு நடுங்கியது. திருப்புடா, திருப்புடா என்று நான் டி.வி.யைப் பார்த்துக் கத்திவிட்டேன். எத்தனை வயதானாலும் அம்மா குரல் கேட்டால் பிள்ளை திரும்பத்தானே செய்வான்? கேமரா வெடுக்கென்று திரும்பியது.

காத்தாயி அம்மா நின்றார். முழங்கால் வரை சேறு, கையில் நாற்று முடி, தலைத்துணி பின்னால் சரிந்து கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, உடம்பு குலுங்க, வெட்கமே இல்லாமல். நேராகக் கேமராவைப் பார்த்தார். முகத்தை மறைக்கவில்லை, டப்பாவைக் கடாசுவேன் என்று சொல்லவில்லை. சிரிப்பு அடங்காமலே, "டேய், நின்னு பாத்துக்கிட்டு இருக்கியே, ஐயாவைத் தூக்கி விடுடா" என்றார். படம் சாய்ந்தது. புல், வானம், ஒரு சேற்றுக் கை. அப்புறம் நீலத் திரை.

முதலில் கேட்டது ஒரு விக்கல் மாதிரி. மங்களாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்துப் பதறிவிட்டேன். இல்லை, சிரிக்கிறார். பொத்திய கையையும் மீறிக்கொண்டு வந்தது. "விழுந்துட்டாரா? வெறுமன விழுந்தாரா? ஐயோ, இதுக்காகவா? இந்த மனுஷன் இருமினாலே நாங்க எந்திரிச்சு நிப்போமே பாய்! யாரையும் அடிக்கல, அடிக்கவே இல்ல!" சிரிப்பும் கண்ணீருமாக அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

அப்புறம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வயலில் நடந்ததை எப்படி வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள், என் மாமியார் முறைப்பதை மட்டும் காட்டாதீர்கள், அவர்கள் பக்கத்து உறவு இன்னும் இருக்கிறது என்று ஒரு நிபந்தனை போட்டார். அந்தப் படம் வந்தது, பலர் பார்த்தார்கள், பரிசுகூட வாங்கியது என்றார்கள். அதெல்லாம் பிறகு.

அந்த அறையில் இராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. நீலத் திரையையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். தோளைத் தொட்டேன்.

"எங்கம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல பாய்" என்றான். "வீட்டுல சிரிக்காது. திட்டும், இல்லன்னா தூங்கும்." திரும்பி மங்களாம்பிகையைப் பார்த்தான். அவன் சொல்லப்போவதை நான் ஊகித்து அவன் வாயைப் பொத்துவதற்குள் சொல்லிவிட்டான்.

"நல்லவேளை உங்க அப்பா விழுந்தாரும்மா."

மங்களாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து இறங்கி அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ போடுங்க பாய்" என்றார் என்னிடம். "அவரு விழுறதுலேருந்து போடுங்க."